பழைய மாருதிக்குப் பழைய கேஸ் வேணுமா?

இன்னிக்கு எங்க வீட்டு 1994 மாருதி 800-ஓட ஏசி பத்திப் பேசப் போறேன்.

அது ஆர்-12 கேஸோட வந்த வண்டி. நடுவுல ஒரு கடையில ஆர்-134ஏ-வுக்கு மாத்திட்டாங்க. அப்போலேர்ந்து அப்பா புலம்பல்தான். திருவையாறுலேர்ந்து ஓடி வரும்போது பரவாயில்ல. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்ட் டிராஃபிக்ல நின்னா உள்ள அனல். போன மே மாசம் செக்கப்புக்குப் போன அம்மாவுக்கு வண்டியிலேயே தலை சுத்திருச்சு. "தம்பி, பழைய கேஸையே போட்டுருப்பா"ன்னு சொல்லிட்டார் அப்பா.

அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. கண்டென்சர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஆர்-12-ஓட அழுத்தம் சுமார் 15 பார். 134ஏ-வுக்கு கிட்டத்தட்ட 17. பழைய கண்டென்சர் ஆர்-12-க்குன்னு அளவெடுத்தது. வண்டி நின்னு காத்து குறைஞ்சா அது திணறும்.

ஆனா ஆர்-12-க்கு எங்க போறது? இந்தியாவுல சிஎஃப்சி கேஸ் தயாரிச்ச ஆலைகள்ல ஒண்ணு, நம்ம டெல்டாவுக்குத் தண்ணி திறந்துவிடற அதே மேட்டூர்லதான் இருந்துச்சு. ஓசோன் படலத்தை அரிக்குதுன்னு 1987-ல மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, 1992-ல இந்தியா சேர்ந்தது, 2008 ஆகஸ்ட்ல இங்க ஏசிக்கான சிஎஃப்சி உற்பத்தி நின்னுபோச்சு.

எங்க மெக்கானிக் அண்ணன்கிட்ட ஒரு சிலிண்டர் இருந்துச்சு. லேபிள் இல்ல. "ஆர்-12-ன்னுதான் கொடுத்தாங்க தம்பி, உள்ள என்னன்னு சத்தியமா தெரியாது"ன்னார். கேஜ் வெச்சுப் பார்த்தா போதாதான்னு கேட்டேன். போதாது. 30 டிகிரியில ஆர்-12, 134ஏ ரெண்டுமே 95 பிஎஸ்ஐ பக்கம்தான் காட்டும். புரொப்பேன், ஐசோபியூட்டேன் கலவையையும் அதே அழுத்தத்துக்குக் கொண்டுவரலாம். அது சமையல் கேஸ் ஜாதி. டேஷ்போர்டுக்குள்ள கசிஞ்சா தீப்பிடிக்கும். முன்சீட்ல உட்கார்றது அம்மா. வேணாம்னுட்டேன்.

அப்புறம் சிஸ்டத்தைப் பிரிச்சோம். உண்மையான கோளாறு அங்கதான் இருந்துச்சு. கேஸை மட்டும் மாத்தியிருக்காங்க, ஆயிலை மாத்தல. ஆர்-12-க்கான மினரல் ஆயில் 134ஏ-வோட கலக்காது. கம்ப்ரசருக்குத் திரும்பி வராம அங்கங்க தேங்கி நின்னுருக்கு.

சுத்தமா ஃபிளஷ் பண்ணி எஸ்டர் ஆயில் ஊத்தினோம். ரிசீவர் டிரையர், ஓ-ரிங், ஹோஸ் எல்லாம் புதுசு. கண்டென்சரைக் கொஞ்சம் பெருசா மாத்தி, முன்னாடி ஒரு ஃபேனும் வெச்சோம். கேஸை எடை போட்டு, ஆர்-12 அளவுல 85 சதவீதம்தான் ஏத்தினோம். பழைய கேஸைக் காத்துல விடல, மெஷின்லதான் இழுத்தோம். 134ஏ ஓசோனைத் தொடாது. ஆனா பூமியைச் சூடாக்கறதுல கார்பன் டை ஆக்சைடை விட ஆயிரம் மடங்குக்கு மேல.

போன வாரம் அதே டிராஃபிக்ல பத்து நிமிஷம் நின்னோம். அம்மா சேலைத் தலைப்பைப் போத்திக்கிட்டாங்க. "ஆர்-12 மாதிரி வராதுப்பா"ன்னார் அப்பா. கொஞ்சம் கழிச்சு அவரே ஃபேனை ஒரு பாயிண்ட் குறைச்சார்.

உங்க வீட்லயும் பழைய வண்டி இருந்தா, கேஸைத் திட்டறதுக்கு முன்னாடி ஆயில் மாத்தினாங்களான்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.