பெருமையும் பணிவும்

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டி அட்டாளைச்சேனையில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில் பிள்ளைகளான நாங்கள் விடியற்காலையில் பஸ் ஏறி, கிறிஸ்தவ மிஷன் தொடங்கிய நமது பாடசாலைக்குப் போய் வந்தவர்கள். காலைக் கூட்டத்தில் பைபிள் கதை கேட்டோம். பின்னேரம் வீட்டில் குர்ஆன் ஓதினோம். அன்று கேட்ட கதைகளில் இரண்டு, வைத்தியர்களாகிவிட்ட எங்களை இன்றும் விடவில்லை.

ஒன்று, லூக்கா சொல்லும் பரிசேயனும் ஆயக்காரனும். இருவரும் ஆலயத்துக்குப் பிரார்த்திக்க வந்தார்கள். பரிசேயன் தன் நோன்பையும் தானத்தையும் எடுத்துச் சொல்லி, தான் மற்றவர்களைப் போல் இல்லை என்று நன்றி கூறினான். வரி அறவிடும் ஆயக்காரனோ தலை நிமிராமல் மன்னிப்புக் கேட்டான். இறைவன் ஏற்றுக்கொண்டது ஆயக்காரனைத்தான். பரிசேயன் பொய் சொன்னதாகக் கதையில் இல்லை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது: பெருமை நல்ல செயல்களுக்குள்ளும் வந்து குடியேறிவிடும். ஆதமுக்குப் பணிய மறுத்த இப்லீஸின் கதை கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது அந்நியமான பாடமாக இருக்கவில்லை.

மற்றது, இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியது. அக்காலத்தில் அது வேலைக்காரர் செய்யும் வேலை. தாம் குரு என்பதை அவர் மறுக்கவில்லை. குருவாக இருந்துகொண்டே குனிந்தார். அப்படியானால் பணிவு என்பது நமக்குள்ள தகுதியை இல்லையென்று சொல்வதல்ல. அதை மற்றவருக்கு எட்டும்படி இறக்கி வைப்பது.

நமது தொழிலில் இதைச் செய்து காட்டியவர் இந்த நாட்டிலேயே இருந்திருக்கிறார். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். அப்படியே தொடர்ந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் கிராமத்து நோயாளருக்கு உதவும் வைத்தியர் அவர்களுடைய மொழியிலேயே படிக்க வேண்டும் என்று கண்டு, 1864 முதல் தமிழில் கற்பித்தார். அதற்கு நூல்கள் வேண்டுமே! தம் மாணவர்களின் துணையோடு பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று ஒவ்வொன்றாகத் தமிழில் தந்தார். கிறிஸ்தவராகும் தமிழர் தங்கள் உடையையும் பழக்கவழக்கங்களையும் விட்டு ஐரோப்பியரைப் போல் மாறத் தேவையில்லை என்பதும் அவர் கருத்து. கற்பிக்க வந்தவர் முதலில் கற்றுக்கொண்டார். அதுதான் அவரிடம் நாங்கள் காணும் பணிவு.

இனி எங்கள் பிழையைச் சொல்கிறோம். பயிற்சி வைத்தியர்களாக இருந்த நாட்களில், டெங்குக் காய்ச்சலோடு அனுமதிக்கப்பட்ட ஒரு சிறுவனுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. “காய்ச்சல் இல்லத்தான் டொக்டர், ஆனா புள்ள சோர்ந்து கிடக்கான். சலமும் சரியாப் போகல்ல” என்றார் உம்மா. “காய்ச்சல்தான் விட்டிட்டே, பயப்படாதீங்க” என்று நகர்ந்துவிட்டோம். வயதான தாதி ஒருவர் பின்னாலேயே வந்து, “ஒருக்காப் பாருங்க மிஸ்” என்றார். திரும்பிப் போய்ப் பார்த்தபோது கைகால் குளிர்ந்து, நாடி பலவீனமாக ஓடியது. உடனே சேலைன் ஏற்றினோம். பிள்ளை தப்பினான், அல்ஹம்துலில்லாஹ்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கிய விடயம். தெரிந்திருந்தும் உதவவில்லை. பாடசாலைப் பக்கம் அதிகம் போகாத ஒரு தாய் எங்களுக்கு என்ன சொல்லித்தரப் போகிறார் என்ற எண்ணம் காதை அடைத்துவிட்டது. அன்று அந்தத் தாதி பேசத் தயங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறோம்.

சகோதரிகளே, இந்த நூற்றாண்டில் எத்தனை வைத்தியர், எத்தனை பொறியியலாளர், எத்தனை அதிபர்கள் என்று எண்ணி மகிழ்கிறோம். எண்ணுவோம், பரிசேயனைப் போல் மட்டும் எண்ணாதிருப்போம். எங்கள் வகுப்பில் பாதியில் படிப்பை விட்டு நின்ற தோழியரும் இந்தப் பாடசாலையின் பிள்ளைகளே. அடுத்த ஒன்றுகூடலுக்கு அவர்களைத் தேடிப் போய் அழைத்து வருவோம். வந்தால் முன்வரிசையில் இருத்துவோம்.