அறியாத நீரில் கொடுவா தேடுதல்

கொல்கத்தாவில் பேட்கி என்றும், கோவாவில் சோணக் என்றும், மராட்டியக் கடற்கரையில் ஜிதாடா என்றும், ஆந்திரத்தில் பண்டுகப்ப என்றும், கேரளத்தில் நரிமீன் அல்லது காளாஞ்சி என்றும் விலை கூறப்படும் மீன், நம் கடற்கரையார் கொடுவா என்றழைக்கும் மீனே ஆகும். ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ் என்பர். மாநிலந்தோறும் பெயர் மாறுகிறதேயன்றி அதன் பழக்கம் மாறுவதில்லை. வேற்று மாநிலத்தில் குடியிருந்துகொண்டு, விடுமுறை நாளில் தூண்டிற்கழியுடன் முன்பின் அறியாத கழிமுகம் ஒன்றின் கரையில் சென்று நிற்பவருக்கு இந்த ஒரு செய்தியே முதற்பெருந்துணை.

மண்புழுவையோ இறாலையோ கோத்து எறிந்துவிட்டுக் காத்திருப்பது, மீன் இருக்குமிடம் தெரிந்தவருக்கு ஏற்ற முறை. இடம் தெரியாதவர் காத்திருந்து பயனில்லை, தேடவேண்டும். தேடுவதற்கு ஏற்றது பொய்யிரை. இதற்குரிய ஆங்கிலச் சொல்லை அகராதி பார்த்துக் 'கவர்ச்சிப் பொருள்' என்று பெயர்த்துவிடலாம். ஆனால் அப்பெயர் ஜவுளிக் கடைக்கே பொருந்தும். பொய்யிரை என்பதே நமக்கு நிறைவாக இருக்கிறது. அது மீனைப் பிடிப்பதற்கு முன், நீரைக் கேள்வி கேட்கும் கருவி. மீன் எங்கே நிற்கிறது, எத்தனை ஆழத்தில் நிற்கிறது, விரைந்து ஓடுவதை விரும்புகிறதா, தளர்ந்து நிற்பதை விரும்புகிறதா என்னும் மூன்று கேள்விகளுக்கும் அதன் வாயிலாகவே விடை பெறுகிறோம்.

கொடுவா ஓடித் துரத்தும் மீனன்று. பதுங்கியிருந்து பாயும் மீன். பாலத் தூணின் மறைவு, கண்டல் மரத்தின் வேரடி, மதகின் வாய், சிறு ஓடை பெரிய ஆற்றில் கலக்கும் முனை ஆகிய இடங்களில், நீரோட்டம் தன்மேல் மோதாதவாறு ஒதுங்கி நிற்கும். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கியதும் ஓடைகளிலிருந்து மடவைக் குஞ்சுகளும் இறாலும் வெளியே அடித்து வரப்படுகின்றன. அவ்வேளையில் அந்த முனைகளே அதற்குப் பந்தி. கோவாவின் கசான் வயல்களில் மானஸ் என்னும் மதகுகள் இருக்கின்றன. நீர் வெளியேறும்போது அவற்றின் வாயில் மீன் கூடும். ஆனால் அங்கு மீன்பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவது வழக்கம். ஆகவே கேளாமல் தூண்டில் போடலாகாது.

இனி, எதைக் கொண்டு தொடங்குவது? பெட்டி நிறையப் பொய்யிரை வாங்குவது கடைக்காரருக்கே நன்மை. மூன்று போதும்.

பரந்த நீராயின், வயிற்றில் சிறு குண்டுகள் வைத்த, உதட்டுத் தகடு இல்லாத மீன்வடிவத்தை முதலில் எடுக்கவேண்டும். அது நெடுந்தொலைவு செல்லும். இழுத்தால் கலகலவென்று அதிரும். நின்ற இடத்திலிருந்து இடக்கோடியில் தொடங்கி வலக்கோடி வரை, விசிறி விரித்தாற்போல வரிசையாக எறிந்து வரவேண்டும். ஒரு விசிறிக்கு விடை வராவிடில் ஐம்பது அடி நகர்ந்து அடுத்த விசிறி. இது மூழ்கும் இரையாதலால் வேர்ப்புறத்தில் எறிந்தால் இழந்துவிடுவோம்.

வேருக்கும் கல்லுக்கும் உரியது மிதக்கும் மீன்வடிவம். நான்கு அங்குல நீளம் போதும். அதன் வாயிலுள்ள தகடு, இழுக்கும்போது அதனை நீருள் இறக்கும். நிறுத்தினால் அது மேலெழும். எங்காவது மாட்டினாலும் தங்கூசியைத் தளர்த்தினால் பெரும்பாலும் தானே விடுபட்டு மேலே வரும். இதில் நிறுத்தமே உயிர். இரண்டு முறை வெட்டி இழுத்து, மூன்று எண்ணும் வரை சும்மா விடவேண்டும். கொடுவா பெரும்பாலும் அந்தச் சும்மா இருக்கும் நொடியிலேதான் வாயைத் திறந்து நீரோடு இரையை உறிஞ்சும். 'டப்' என்ற ஓசை கரைவரை கேட்கும். பொறுமையற்று இடைவிடாது சுற்றுபவர் அவ்வோசையைக் கேளாமலே வீடு திரும்புவர்.

ஆழமான தூணடிக்கு ஈயத்தலையில் பொருத்திய ரப்பர் மீன். நீரில் விழுந்ததும் ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்கவேண்டும். தரை தட்டுவது எட்டில் என்றால், அடுத்த எறிவில் ஏழில் இழுக்கலாம், பிறகு ஐந்தில். எந்த எண்ணில் மீன் தொட்டதோ அந்த எண்ணே அன்றைய ஆழம். குளிர்காலத்து ஹூக்ளியில் மீன் சோம்பியிருக்கும். அங்கு இந்த இரையைத் தரையோடு மெல்ல நகர்த்துவதே முறை.

நிறத்தைப் பற்றி மிகுதியாகப் பேசுகிறார்கள். கலங்கல் நீரில் கறுப்போ பொன்னிறமோ, தெளிந்த நீரில் மடவை போன்ற வெள்ளி நிறம் என்பதற்கு மேல் அதில் நாம் நேரம் செலவிடுவதில்லை. அங்குள்ள சிறு மீனின் அளவுக்கு இரையின் அளவு ஒத்திருப்பது நிறத்தினும் முக்கியம்.

மீன் தொட்ட இடத்தை மட்டுமன்று, நீரின் நிலையையும் குறித்துக்கொள்ளவேண்டும். ஓதம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்துகிறது. ஆகவே இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு வற்றம் தொடங்கியபோது மீன் கிடைத்ததென்று, அடுத்த ஞாயிறும் ஏழு மணிக்குச் சென்றால், ஏழு நாளில் ஆறு மணி நேரம் தள்ளிப்போய், நீர் ஏறத் தொடங்கும் தறுவாயில் இருக்கும். 'நேற்று இருந்த மீன் இன்று இல்லை' என்னும் புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஒன்றுவிட்ட ஞாயிறு சென்றால் ஏறக்குறைய பழைய நிலைமை, சற்று முன்னதாகவே, திரும்பியிருக்கும். வாரம் ஒரு நாளே ஓய்வுள்ளவர்கள் இக்கணக்கை மறக்கலாகாது. வீட்டில் தொங்கும் பஞ்சாங்கமும் உதவும்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் மிகும், அஷ்டமியை ஒட்டிக் குறையும். மும்பையில் பெருநாட்களில் நீர் நான்கு மீட்டருக்கு மேலும் ஏறி இறங்கும். கொச்சியில் ஒரு மீட்டர் அளவே. ஆதலால் மும்பையில் மீன் விரைவாக இடம் மாறும். அரைமணிக்கொருமுறை நாமும் மாறவேண்டும்.

அதே அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஹூக்ளியில் 'பான்' என்னும் ஓத அலை சுவர்போல் ஏறி வருவதுண்டு. படித்துறையின் கீழ்ப்படியில் நிற்கலாகாது. மாண்டோவி, சுவாரி ஆறுகளை இணைக்கும் கும்பர்ஜுவா கால்வாயில் முதலைகள் உள்ளன. உள்ளூர் வலைஞரிடம் இரண்டு சொல் கேட்டுக்கொள்வதால் நமக்குக் குறைவொன்றுமில்லை. மொழி வாராவிடினும் மீனின் பெயரைச் சொன்னால் கையால் காட்டிவிடுவர்.

கொடுவா இளமையில் ஆணாக இருந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் இயல்புடையது. ஆதலின் பெரிய மீன் ஏறத்தாழ எப்போதும் பெண்ணே. பல இலட்சம் முட்டையிடும் தாய். நடுத்தர மீன் ஒன்றைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டு பெரியதை விட்டுவிடுவது நம் வழக்கம். செவிள் மூடியின் ஓரம் கத்திபோல் கூரியது. அங்குக் கை வைக்காமல், கீழ்த்தாடையைப் பற்றி, மீனை நீரிலேயே வைத்துக் குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றவேண்டும். பிறகு ஓட்டத்தை எதிர்நோக்கி அதனைப் பிடித்திருந்தால், செவிள் சீராக அசையத் தொடங்கியதும் அது தானே கையை உதறிச் செல்லும்.