ஒரு மணித்தியாலத்தில் மாறும் தடிமன்



பிள்ளை ஹெரோயின் பாவிக்கிறது, அதாவது குடு பாவிக்கிறது என்பது பல வீடுகளில் தாய் தகப்பனுக்குத்தான் கடைசியாகத் தெரியவருகிறது. சந்தேகம் வந்தாலும் கையைப் பிடித்து ஊசித் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இலங்கையில் இதைப் பாவிப்பவர்களில் பெரும்பாலானோர் ஊசி ஏற்றுவதில்லை. ஈயத்தாளில் தூளை வைத்து, கீழே லைற்றரால் சூடுகாட்டி, எழும் புகையைக் குழலால் இழுக்கிறார்கள். கரிக்கோடு விழுந்த ஈயத்தாள் துண்டு, சுருட்டிய காசுத்தாள், வெட்டிய குளிர்பானக் குழல் ஆகியவை அறையிலோ காற்சட்டைப் பையிலோ கிடந்தால் அலட்சியப்படுத்த வேண்டாம்.

அடுத்தது கண். போதையில் இருக்கும்போது கருமணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கிவிடும். மங்கிய வெளிச்சத்திலும் விரியாது. கதைத்துக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கும். மூக்கையும் முகத்தையும் சொறிவார்கள். மலச்சிக்கலும் இருக்கும்.

சில மணித்தியாலங்கள் போனதும் எல்லாம் தலைகீழாகும். கருமணி விரியும். கொட்டாவி அடுக்கடுக்காக வரும். மூக்கு ஒழுகும், மயிர் சிலிர்க்கும், வயிற்றால் போகும், கை கால் உளையும். அம்மா தடிமன் என்று நினைத்து மல்லி அவித்துக் கொடுக்கிறார். பிள்ளை அதைத் தொடாமல் வெளியே போய், ஒரு மணித்தியாலத்தில் தெளிவாகத் திரும்பி வருகிறது. எந்தத் தடிமனும் ஒரு மணித்தியாலத்தில் மாறாது. இந்த இரண்டு கோலமும் மாறி மாறி வருகின்றனவா என்று பாருங்கள்.

காசு காணாமல் போவது, கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பது, புதிய கூட்டாளிகள் சேருவது எல்லாம் வேறு காரணங்களாலும் நடக்கும். அவற்றை மட்டும் வைத்துப் பிள்ளையைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

உதடு நீலம் பாரித்து, மூச்சு குறட்டைபோல இழுபட்டு, தட்டியும் எழும்பாவிட்டால் அது உயிராபத்து. உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். பக்கவாட்டில் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள். சில வாரங்கள் நிறுத்தியிருந்தவர் பழைய அளவையே மீண்டும் எடுக்கும்போதுதான் இது கூடுதலாக நடக்கிறது. உடம்பு அந்த அளவைத் தாங்கும் சக்தியை அதற்குள் இழந்துவிடும்.

அடித்தோ அறைக்குள் பூட்டிவைத்தோ இந்தப் பழக்கத்தை மாற்ற முடியாது. இது வைத்தியம் உள்ள ஒரு நோய். ஊர் என்ன சொல்லும் என்று காத்திருக்காமல், தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு இன்றைக்கே அழைத்துப் பேசுங்கள்.