மூலையில் ஒரு பூ



கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் துணியின் அருமை தெரியும். பழஞ்சேலையை நாலாய் மடித்துத் தைத்துப் பிள்ளையைப் படுக்க வைக்காத வீடு அங்கே ஏது!

பழந்துணியை இப்படிப் போற்றுகிறவர்கள் வேறு இடத்திலும் உண்டு. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் காட்டோர ஊர்களில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அந்தப் பெண்கள் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைக்குக் கவந்தி என்று பெயர்.

அடியில் ஒரு பழைய சேலை. அதன்மேல் கிழிந்த சட்டை, பாவாடைத் துண்டுகள். ஓரத்தில் ஊசியை நுழைத்து, சுற்றிச் சுற்றி ஓட்டுத் தையல் போட்டபடி நடுவுக்கு வருகிறார்கள். கடைசியில் நாலு மூலையிலும் முக்கோணமாய் மடித்த துணியை வைத்துத் தைப்பார்கள். அதற்குப் 'பூ' என்று பெயர். பூ வைக்காத கவந்தி அவர்கள் கண்ணுக்கு நிறைவாகாது. போர்த்திக்கொள்ளும் துணிக்கு இத்தனை மரியாதையா என்று நெகிழ்ந்துபோகிறேன்.

2004-இல் இந்தப் பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து போர்வைகளை விற்கத் தொடங்கினார்கள். கண்காட்சிகளில் அவை கலைப்பொருளாகவே தொங்கின.

நம் ஊரிலும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. தையற்கடைகளில் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாய்க் கிடக்கிறது. குழுக் கூட்டம் நடக்கும் நாளில் ஆளுக்கொரு பழஞ்சேலையோடு வந்து உட்கார்ந்து பாருங்கள், அக்கா. முதல் போர்வையை உங்கள் ஊர் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கே கொடுக்கலாம்.