பூ உதிர்ந்த ஆர்க்கிட்

ஆர்க்கிட் தொட்டியைப் பூவோடுதான் வாங்கி வருகிறோம். ஃபெலனாப்சிஸ் வகை என்றால் பூ இரண்டு மூன்று மாதம்கூட நிற்கும். கடைசிப் பூவும் உதிர்ந்ததும் செடிக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதறி, தண்ணீரைக் கூட்டுவார்கள், உரம் போடுவார்கள், போதாக்குறைக்குச் செம்மண்ணும் எருவும் நிரப்பிய பெரிய தொட்டிக்கு மாற்றுவார்கள். பூத்துக் களைத்து ஆர்க்கிட் சாவது அபூர்வம். சாகடிப்பது இந்த உபசாரம்தான் என்பேன். கடைகளில் கிடைக்கும் வகைகளின் மூதாதைகள் பெரும்பாலும் காட்டு மரக்கிளைகளைப் பற்றி வளர்ந்தவை. அவற்றின் வேரைச் சுற்றி உயிரற்ற செல்களால் ஆன பஞ்சு உறை ஒன்று உண்டு. மழை பெய்ததும் அது நீரை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு காற்றில் உலரும். இப்படி உலர வேண்டிய வேரை மண்ணில் புதைத்தால் மூச்சு முட்டி அழுகும். எப்போது தண்ணீர் ஊற்றுவது என்பதையும் வேரே சொல்லிவிடும். நனைந்த வேர் பச்சை. உலர்ந்தது வெள்ளி பூத்த சாம்பல் நிறம். சாம்பலானால் ஊற்றலாம், பச்சையாக இருந்தால் பேசாமல் விட்டுவிடலாம். அழுகிய வேரை விரலால் அழுத்தினால் கொழகொழவென்று தோல் உருவிக்கொண்டு வரும், நடுவே நூல் மாதிரி ஒரு இழைதான் மிஞ்சும். அதை வெட்டி எறிய வேண்டியதுதான்.

‘வேர் இருக்கட்டும், பூத்தண்டை இரண்டாம் கணுவுக்கு மேல் நறுக்கினால் மறுபடி பூக்குமாமே’ என்று சிலர் கேட்கலாம். ஃபெலனாப்சிஸில் அது பலிப்பதுண்டு. ஆனால் அந்தக் கிளைத்தண்டில் பூ குறைவு, செடிக்கோ செலவு. இலை துவண்டு, வேரும் சரியில்லாத செடியில் தண்டை அடியோடு வெட்டி ஓய்வு கொடுப்பதே நியாயம். டெண்ட்ரோபியம் வகைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. இலையுதிர்ந்து நிற்கும் அதன் தடித்த தண்டைக் காய்ந்த குச்சி என்று பலர் வெட்டிவிடுகிறார்கள். செடி நீரையும் உணவையும் சேர்த்து வைப்பது அதில்தான். பழைய தண்டிலேயே மறுபடி பூப்பதும் உண்டு. முழுக்கச் சுருங்கிப் பழுப்பாகும்வரை அதில் கத்தி வைக்கக் கூடாது. தொட்டி மாற்றுவதற்கும் அவசரம் வேண்டாம். உள்ளிருக்கும் மரப்பட்டை மக்கிப் பொடியாகியிருந்தால் மட்டும், புது வேர் தலைகாட்டும் சமயத்தில், கரித்துண்டும் ஓட்டுத்துண்டும் போட்டு மாற்றினால் போதும். தேங்காய் மட்டையும் ஆகும், ஆனால் நம் ஐப்பசி மழையில் அது ஈரத்தை விடவே விடாது.

இத்தனை செய்தும் சென்னை வெயிலில் ஃபெலனாப்சிஸ் மறுபடி பூக்குமா என்றால், அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. புதுத் தண்டு விட அதற்குச் சில வாரமாவது குளுமை வேண்டும். ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் அது தானாகக் கிடைக்கும். சமவெளியில் மார்கழிகூடப் பல ஆண்டுகளில் போதாது. சமவெளிக்காரர்கள் இருக்கும் செடியை இலைக்காக வைத்துக்கொண்டு, அடுத்த முறை டெண்ட்ரோபியமோ வாண்டாவோ வாங்கலாம். வாண்டாவில் ஓர் இனம் நம் ஊர் மாமரக் கிளைகளில் யாரும் நடாமலே வளர்கிறது.