மடிநோயைத் தடுக்க மஞ்சளும் வேம்பும்



கறவை மாட்டுக்கு வருகிற நோய்களில் நம்ம மடிப் பணத்தைக் கரைப்பது மாட்டின் மடிநோய்தான். ஒரு காம்பு கெட்டுப்போனால் அந்த மாடு மூணு காம்பு மாடு. சந்தையில் வாங்க வருகிறவர் முதலில் மடியைத்தான் தடவிப் பார்ப்பார். வந்த பிறகு செலவழிப்பதைவிட வராமல் காப்பதே லாபம். அதற்கு வேண்டிய பொருளில் பாதி நம் அடுப்படியிலும் கொல்லையிலுமே இருக்கிறது.

நோய் எப்படி உள்ளே போகிறது? காம்பின் நுனியில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. சுருக்குப் பையின் வாயைக் கயிறு இறுக்குகிற மாதிரி, ஒரு தசை வளையம் அதை மூடி வைத்திருக்கிறது. கறந்து முடித்ததும் அந்தச் சுருக்கு உடனே இறுகாது. அரை மணி, ஒரு மணி நேரம் தளர்ந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு சாணியிலும் மூத்திரத்திலும் படுத்தால் கிருமி சுலபமாக ஏறிவிடும். அதனால் கறந்த கையோடு தீவனத்தைப் போடுங்கள். தின்று முடிக்கிற வரைக்கும் மாடு நிற்கும். இதுதான் காசில்லாத முதல் வைத்தியம்.

இனி, கறக்கும் முன் செய்ய வேண்டியது. இரண்டு கைப்பிடி வேப்பிலையைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்து, வெதுவெதுப்பாக ஆறியதும் அதில் காம்புகளைக் கழுவுங்கள். மடி முழுக்கத் தண்ணீரை வாரி ஊற்றாதீர்கள். மேலிருந்து வழிகிற அழுக்குத் தண்ணீர் காம்பு நுனியில்தான் வந்து சொட்டும். கழுவியதும் சுத்தமான துணியால் ஈரம் போகத் துடைக்க வேணும். மாட்டுக்கு ஒரு துணி. எல்லா மாட்டுக்கும் ஒரே துணி என்றால், நோயை நாமே பங்கு வைத்துக் கொடுத்த கணக்குதான். கறக்கிறவர் கையும் சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேணும். முதல் இரண்டு பீய்ச்சலை ஒரு கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாகத் தெரிந்தால் நோய் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த மாட்டைக் கடைசியில் கறந்து, கெட்ட பாலைத் தரையில் விடாமல் தனியாகப் பிடித்துக் குழியில் கொட்டி மூடுங்கள்.

கறந்த பின் மஞ்சள். மஞ்சளின் சத்து தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே தேங்காயெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்துக் காம்பு நுனியில் தடவுங்கள். வெடிப்புக்கும் நல்லது. வெடிப்பில்தான் கிருமி குடியிருக்கும். அடுத்த வேளை கறக்கும் முன் அதைக் கழுவித் துடைத்துவிட வேணும். வேப்பெண்ணெய் தடவலாமான்னு கேட்பீங்க. அதன் வாடை பாலில் ஏறினால் சொசைட்டியில் பாலைத் திருப்பிவிடுவார்கள். பால் மாட்டின் காம்புக்கு அது வேண்டாம். கட்டைவிரலை மடக்கி இழுத்துக் கறக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். காம்பின் உள்சதை நசுங்கும். முழுக் கையால் பிடித்துக் கறப்பதே நல்லது.

ஒன்றை மனதில் வையுங்கள். வேம்பும் மஞ்சளும் தோல் மேல் இருக்கிற கிருமியைக் குறைக்கும். மடிக்குள் புகுந்துவிட்ட கிருமியை அடியோடு அழித்துவிடும் என்று நம்பி உட்காரக் கூடாது. கொட்டிலில் அடிக்கடி மடிநோய் வருகிறதென்றால், கறந்ததும் காம்பை முக்கியெடுக்க அரை சதவீத அயோடின் கரைசலைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

மடி லேசாக வீங்கினால் ஒரு பூச்சு உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தேசிய பால்வள வாரியமும் இதைச் சொல்லித் தருகின்றன. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்தால் சிவந்து வரும். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தண்ணீர் விட்டு இளக்கி, பாலை ஒட்டக் கறந்து கழுவிய மடியில் நாளைக்கு 8 முதல் 10 தடவை, 5 நாள் பூச வேணும். தினமும் புதிதாக அரையுங்கள். சுண்ணாம்பு அளவு கூடினால் தோல் வெந்துவிடும்.

மடி கல் மாதிரி இறுகிச் சுட்டாலோ, பால் தண்ணீராகவோ ரத்தமாகவோ வந்தாலோ, மாடு தீனி எடுக்காமல் நின்றாலோ, பூச்சை நம்பி ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க. அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு ராத்திரி தாமதத்தில் காம்பு போய்விடும், சில சமயம் மாடே போய்விடும். வேப்பங்குச்சி, இறகு என்று எதையும் காம்புத் துவாரத்தில் விடாதீர்கள். ஊசி போட்டால் டாக்டர் சொல்கிற நாள்வரை பாலை விற்கவும் வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

இன்று சாயங்காலக் கறவையிலிருந்தே தொடங்குங்கள். கழுவித் துடைத்துக் கறப்பது, மஞ்சள் தடவுவது, தீவனம் போட்டு நிற்க வைப்பது. இந்த மூன்றுக்கும் சேர்த்துக் கால் மணி நேரம்கூட ஆகாது.