நான்கு நோட்டுகளும் ஒரு நூலும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நூல் வெளியீட்டுக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கல்வி உரிமையைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் அறிஞர் பலர் இம்மேடையில் விரிவாகப் பேசியுள்ளனர். எங்களுக்கு ஒதுக்கப்பட்ட பொருள் அவற்றை நோக்கச் சிறியது. நம்மவர் ஒருவர் எழுதி முடித்த நூலின் கையெழுத்துப் படியை ஒரு சிறிய பதிப்பகத்தாரிடம் எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்பதே அது. சிறியதுதானே என்று நாங்களும் ஒருமுறை அலட்சியமாக இருந்துவிட்டோம். அதனால் நேர்ந்த இழப்பை இந்த அவையில் மறைக்காமல் கூறுவதே முறை என்று குழுவில் முடிவு செய்துகொண்டு வந்திருக்கின்றோம்.

நம் சங்கம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே நம் சேரியின் கோயில் திண்ணையில் ஓர் இரவுப் பள்ளி நடந்தது என்பதை இங்குள்ள முதியவர்கள் அறிவார்கள். ஓர் அரிக்கேன் விளக்கும் சில உடைந்த சிலேட்டுகளுமே அதன் உடைமை. அப்பள்ளியில் ஒன்பதாவது மாணவராகச் சேர்ந்து, பின்னாளில் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நம் பெரியவர், அதன் வரலாற்றை நான்கு நீளநோட்டுகளில் எழுதி எங்களிடம் ஒப்படைத்தார். அவர் இப்போது மேடையில்தான் அமர்ந்திருக்கின்றார். தம் பெயரைச் சொல்லிப் புகழக் கூடாது என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார், ஆகவே சொல்லவில்லை. அந்நோட்டுகளுள் மூன்றாவதில், பள்ளியில் முதலில் சேர்ந்த 42 பிள்ளைகளின் பட்டியல் இருந்தது. வெறும் பெயர்ப் பட்டியல் அன்று. தாய் யார், தந்தை யார், எந்தப் பண்ணையில் வேலை, எத்தனை மாதம் படித்தார், எந்தப் பிள்ளையை மாடு மேய்க்கத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள், எவர் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போனார் என்பனவெல்லாம் அதில் இருந்தன. பெரியவர் பல ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று, கண்பார்வை மங்கிய மூதாட்டிகளின் அருகே அமர்ந்து, கேட்டுக் கேட்டு எழுதியவை அவை. அம்மூதாட்டிகளுள் ஒருவரும் இன்று இல்லை.

அந்த நான்கு நோட்டுகளையும் அப்படியே ஓர் உறையிலிட்டு, பதிவுத் தபாலில் ஒரு சிறிய பதிப்பகத்தாருக்கு அனுப்பினோம். அஞ்சலகத்திற்கு எதிரிலேயே நகல் எடுக்கும் கடை இருந்தது. பக்கத்திற்கு ஒரு ரூபாய். ஏறக்குறைய நானூறு ரூபாய் ஆகும் என்று கணக்குப் பார்த்தோம், விழாச் செலவு இருக்கிறதே என்று எண்ணினோம், விட்டுவிட்டோம். எட்டு மாதம் பதில் இல்லை. கடிதங்களுக்கும் மறுமொழி இல்லை. இறுதியில் எங்களுள் இருவர் பேருந்து ஏறி நேரில் சென்றோம். பதிப்பகம் என்பது ஓர் அறை. மெய்ப்புப் பார்ப்பவரும் அவரே, கட்டுக் கட்டுபவரும் அவரே, கண்காட்சியில் கடை போடுபவரும் அவரே. அவ்விடைக்காலத்தில் வாடகை வீட்டை மாற்றியிருக்கின்றார். கோணிப்பைகளை அவிழ்த்துத் தேடியதில் முதல் நோட்டும் நான்காம் நோட்டும் கிடைத்தன. மற்ற இரண்டும் கிடைக்கவில்லை. அவர் கண் கலங்கினார். நாங்கள் அவரைக் கடிந்து ஒன்றும் கூறவில்லை. திரும்பி வருகையில் பேருந்தில் நாங்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. பெரியவரிடம் யார் சென்று சொல்வது என்பதே எங்கள் கவலையாக இருந்தது.

ஏடு கொடுத்து ஏமாந்தவர்கள் நாங்கள் முதலானவர்கள் அல்லர் என்று சொல்லி எங்கள் குற்றத்தைக் குறைத்துக்கொள்ள விரும்பவில்லை. ஆயினும் நம் முன்னோர் வரலாற்றை இவ்விடத்தில் நினைக்க வேண்டியிருக்கின்றது. தம் பாட்டனார் கந்தப்பன் திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரையிடம் சேரச் செய்தார் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியுள்ளார். பண்டிதர் அதனை எழுதி வைத்திராவிடில் அச்சுவடியைக் காத்துக் கொடுத்த கந்தப்பனார் பெயரை நாம் இன்று அறிந்திருப்போமா? பண்டிதரின் எழுத்துக்கும் அதே ஆபத்து நேர்ந்தது. 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். ஓராண்டிற்குப் பின் அது 'தமிழன்' ஆயிற்று. 1914 இல் அவர் மறையும் வரை வாரந்தோறும் எழுதியவை அவ்விதழ்களில்தான் கிடந்தன. தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை சிலவற்றைச் சிறு நூல்களாக வெளியிட்டது. அரசு நூலகங்களை நம்பியிராமல், பழைய பௌத்தக் குடும்பத்தாரும் அன்பு பொன்னோவியம் போன்றோரும் இதழ்களைத் தம் வீடுகளில் பாதுகாத்தனர். 1999 இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், ஞான. அலாய்சியஸ் அவர்களைத் தொகுப்பாசிரியராகக் கொண்டு அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்ட பின்னரே, இந்த நாடு பண்டிதரை முழுமையாகப் படிக்கத் தொடங்கிற்று. பழைய பெட்டியில் ஒருவர் இதழ்களைப் பூச்சி அரிக்காமல் வைத்திருந்தார் என்பதனால் கிடைத்த செல்வம் அது.

இழப்பிற்குப் பின்னர் எங்கள் வழக்கங்களை மாற்றிக்கொண்டோம். மூலத்தை எவர்க்கும் அனுப்புவதில்லை. முதலில் அந்தப் பதிப்பகத்தார் வெளியிட்ட நூல்களுள் நான்கைந்தை வாங்கிப் படிக்கின்றோம். சமையற் குறிப்பும் சோதிடமும் வெளியிடுபவரிடம் ஊர் வரலாற்றைக் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் மறுத்தார் என்று வருந்துவதில் பொருளில்லை. பின்னர் ஒரு பக்கக் கடிதம் எழுதுகின்றோம்: நூல் எதைப் பற்றியது, எத்தனை பக்கம், எழுதியவர் யார், இதனை யார் வாங்குவார்கள். அதனுடன் இரண்டு இயல்களின் படி. அவர் கேட்ட பிறகே முழுவதும். தட்டச்சு செய்யும்போது யூனிகோடு எழுத்துருவிலேயே செய்யவேண்டும். பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்த ஓர் இயல் அச்சகத்தில் கொம்பும் காலும் இடம் பெயர்ந்து, நம் பெரியவர் ஊர் எந்த ஊர் என்றே தெரியாத வண்ணம் வந்து சேர்ந்தது. அதைக் கண்டு அவரே சிரித்துவிட்டார். அந்த ஆண்டில் அவர் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

ஏனெனில் பெரியவர் மீண்டும் எழுதத் தொடங்கியிருந்தார். எண்பது வயதை நெருங்கியவர், இழந்த இரண்டு நோட்டுகளையும் நினைவிலிருந்து ஒன்றரை ஆண்டில் எழுதி முடித்தார். இம்முறை வேறொரு பதிப்பகத்தாரை அணுகினோம். அவர் விரைவில் பதில் எழுதினார். நூல் நன்று என்றார். இரண்டு திருத்தம் கேட்டார். ஒன்று, பேச்சுவழக்கில் உள்ளவற்றையெல்லாம் செந்தமிழாக்க வேண்டும். மற்றொன்று, ஊர்ப் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கச் சென்ற மாணவர்களுக்கு நேர்ந்ததைக் கூறும் இயலை நீக்கிவிட வேண்டும். "பழையதைக் கிளறுவானேன்" என்பது அவர் காரணம். நூல் வெளிவர வேண்டுமே என்ற ஆவலில் எங்களுள் சிலர் இசைந்துவிடலாம் என்றுகூடக் கருதினோம். பெரியவர் அக்கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, அலமாரியிலிருந்து 'சாதியை ஒழிக்கும் வழி'யை எடுத்து எங்கள் முன் வைத்தார், ஒன்றும் பேசவில்லை.

அவர் கருத்து எங்களுக்கு விளங்கிற்று. 1936 இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் ஆண்டு மாநாட்டிற்குத் தலைமை தாங்க அண்ணல் அம்பேத்கரை அழைத்தது. அச்சிட்ட உரையைக் கண்டதும் சில பகுதிகளை நீக்கக் கோரியது. அவர் இசையவில்லை, மாநாடே நடைபெறாமற் போயிற்று. அவ்வுரையைத் தம் செலவிலேயே 1,500 படிகளாக வெளியிட்டார். இரண்டு மாதத்திற்குள் அவை தீர்ந்துவிட்டன என்று அடுத்த பதிப்பின் முன்னுரையில் அவரே குறிப்பிடுகின்றார். தந்தை பெரியாரின் குடியரசு வட்டாரம் அதனை உடனடியாகத் தமிழில் தந்தது. மேடை கிடைக்காத உரை நூலாகி நின்றது. பேச்சுவழக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாமாவின் 'கருக்கு' 1992 இல் வெளிவந்தபோது அவர் ஊர் மக்களின் மொழியிலேயே வந்தது. 2000 இல் ஆங்கிலமும் ஆயிற்று. செந்தமிழில் எழுதுவதை நாங்கள் குறை கூறவில்லை. இவ்வுரையே செந்தமிழில்தான் இருக்கின்றது. ஆனால் நம் பாட்டி சொன்னதைப் பாட்டி சொன்னவாறே எழுத வேண்டும்.

இதனால் செப்பம் செய்தல் என்பதே வேண்டாம் என்று எவரும் கொள்ள வேண்டா. மூன்றாவதாக நாங்கள் சென்ற பதிப்பகத்தார், இவரும் சிறியவர்தாம், எழுத்துக்கு எழுத்து படித்துப் பதினாறு கேள்விகளை அனுப்பினார். பள்ளி தொடங்கியது ஓரிடத்தில் ஓர் ஆண்டாகவும் மற்றோரிடத்தில் வேறோர் ஆண்டாகவும் உள்ளதே, எது சரி? விளக்கிற்கு எண்ணெய் யார் கொடுத்தார்? பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? இக்கடைசிக் கேள்விக்குப் பெரியவரால் உடனே விடை கூற இயலவில்லை. யோசித்து யோசித்து மூன்று பேர் என்றார். அவர்களுள் ஒருவரைப் பற்றிப் புதிதாக ஆறு பக்கம் எழுதிச் சேர்த்தார். நூலின் சிறந்த பகுதி அதுவே என்பது எங்கள் கருத்து. ஒருவர் வெட்டச் சொன்னார், ஒருவர் கேட்டு எழுத வைத்தார். இருவரும் தம்மைப் பதிப்பாசிரியர் என்றே சொல்லிக்கொண்டனர்.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுகின்றோம். நம் மக்கள் வாய்ச்சொல்லை நம்பியே பழகியவர்கள். பதிப்பகத்தார் பலரும் அப்படியே. எனினும் 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தாலன்றிச் செல்லாது. காலம் குறிப்பிடாவிடில் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். எழுதியவரின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் அவ்வுரிமை அவர் வழியினர்க்கு உண்டு. பேரப்பிள்ளைகளின் சொத்து அது. ஆகவே "எல்லா உரிமையும் என்றென்றைக்கும்" என்ற வரி இருந்தால் கையொப்பம் இடும் முன் பேனாவை மூடி வையுங்கள். எழுதியவரே அச்சுச் செலவு முழுவதையும் தர வேண்டும் என்போரும் உளர். அதில் தவறில்லை, எத்தனை படி அச்சிடப்படும், அவற்றுள் எத்தனை நம்மிடம் வரும் என்பது தாளில் இருந்தால். எங்கள் உறுப்பினர் ஒருவர் ஐந்நூறு படிக்குப் பணம் கட்டி நூறு படி பெற்றார். மீதி எங்கே என்பதற்கு இன்றுவரை விடையில்லை.

பதிப்பகத்தார் பக்கத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அச்சிட்ட காலம் போயிற்று. இன்று முந்நூறு படி அச்சிட்டு அதை விற்க ஈராண்டு காத்திருப்பவர் பலர். நூலக ஆணை கிடைத்தால் தாள் கடன் தீரும். கிடைக்காவிடில் அடுத்த நூல் தள்ளிப்போகும். நம் நூலை அவர் வெளியிட்டால் அதில் ஐம்பது படியையேனும் நம் சங்கமே விலை கொடுத்து வாங்குவது என்று தீர்மானம் செய்திருக்கின்றோம். இலவசப் படி கேட்டு அவரை நெருக்காதீர்கள் என்று உறவினர்களையும் கேட்டுக்கொள்கின்றோம். நூல் வந்தவுடன், 1954 ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும் சென்னை கன்னிமாரா நூலகத்திற்கும் படி அனுப்பப்பட்டதா என்று மறவாமல் கேளுங்கள். நம் வீடு எரிந்தாலும் அங்கே ஒன்று இருக்கும்.

நம் பெரியவரின் நூல் சென்ற மாதம் வெளிவந்தது. வாயிலருகே மேசையில் வைத்திருக்கின்றோம். அதன் பின்னிணைப்பில் அந்த 42 பேர் பட்டியல் உள்ளது. பெரியவர் நினைவிலிருந்து மீண்டு வந்தவை 27 பெயர்கள். மீதமுள்ள 15 இடங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று அச்சுக்கோப்பவர் கூறினார். பதிப்பகத்தார் பெரியவரைக் கேட்டார். எண் மட்டும் இருக்கட்டும், எதிரே கோடு இருக்கட்டும் என்றார் பெரியவர். அவ்வாறே அச்சிடப்பட்டுள்ளது.

நேற்று மாலை கண்காட்சி அறையில் ஓர் அம்மையார் அப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தங்கவயலில் இறந்த தம் மாமனார் இந்தப் பள்ளியில் நான்கு மாதம் படித்தவர் என்று சொல்லிப் பெயரும் கொடுத்தார். பெரியவரிடம் சொன்னோம். "ஆமாம், இடக்கையால் எழுதுவான்" என்றார். அப்பெயரை எங்கள் படியில் 31 ஆம் எண்ணுக்கு எதிரே பென்சிலால் எழுதியிருக்கின்றோம். இன்னும் 14 கோடுகள் உள்ளன. இந்த அவையில் எவர் வீட்டிலேனும் அக்காலத்து ஆள் பெயரோ, சிலேட்டோ, ஒரு கடிதமோ இருந்தால், நாளைக் காலை பத்து மணிக்குப் பள்ளியின் கிழக்கு அறைக்குக் கொண்டு வாருங்கள். நகல் எடுக்கும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தியிருக்கின்றோம். மூலத்தை அப்போதே உங்கள் கையில் திருப்பித் தந்துவிடுவோம்.